திமிர் என்று பெயர் எடுத்தவள்

ஜூன் 3

என் மகளுக்கு,

வண்டி நேரத்துக்கு வந்தது, வீடு வந்து சேர்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. கதவை உடைக்கிற அளவுக்குக் கையில் தெம்பு இருக்கிறது, நன்றாகத்தான் இருப்பாய். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

போனில் நீ பேசினால் என் காதில் ஈ பறக்கிற மாதிரிதான் விழும். அதில் எழுத்துத் தட்ட எனக்கு விரல் வராது. அதனால் கடிதம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். அந்த ஐந்து வகுப்பிலும் கையெழுத்துக்கு நான்தான் முதல், அது உனக்கே தெரியும்.

அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உன் பக்கத்தைத்தான் தெரு முழுக்கக் கேட்டுவிட்டதே.

வேலைக்குத் திரும்புகிற நாளைப் பேசிவர நீ ஆபீசுக்குப் போனாய். பாப்பா தொட்டிலில் தூங்கினாள். எனக்குப் பழக்கம் இல்லாத தெரு, அதனால் உள்தாழ்ப்பாள் போட்டேன். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புக் கட்டு கட்டுகிற வெள்ளை நாடா ஒன்று என் பையில் இருந்தது. ஒரு முனையைத் தொட்டிலில் கட்டி, மறு முனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அவள் துணிகளை அலசினேன். அவள் ஒரு புரள் புரண்டால் என் கை இழுபடும். அப்படித்தான் இழுபட்டது. போய்த் தூக்கினேன், கட்டிலில் உட்கார்ந்து பால் புகட்டினேன். கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது ஒன்றுதான் என் தப்பு.

தரை அதிர்ந்தது. திரும்பினால் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்குகிறது, வாசலில் ஐந்தாறு தலை. நீ பாப்பாவைப் பிடுங்கினாய். பாம்பைக் கண்டவள் மாதிரி கத்தரியைத் தேடி எடுத்து என் கையிலிருந்த நாடாவை வெட்டினாய். அதோடு விட்டிருந்தால் நான் அடுத்த வேளை சமையலைப் பார்த்திருப்பேன். நீ அந்தப் பக்கம் திரும்பி மாடி வீட்டுப் பெண்ணிடம் சொன்னாயே, அதற்குத்தான் மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன்.

நான் கேட்கவில்லை என்று நினைத்தாய். கேட்கவில்லைதான். பீரோக் கண்ணாடியில் உன் வாய் தெரிந்தது. "என் பிள்ளைய ஒரு செவிடிகிட்ட விட்டுட்டுப் போனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

இஸ்திரிப் பகுதி மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு, பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். இப்போது அந்த இடத்தில் வேறு ஒருத்தி நிற்கிறாள். அதை உன்னிடம் புலம்ப வரவில்லை. நீ இருபதாம் தேதி வேலைக்குத் திரும்புகிறாய். அதற்குள் வா என்று எழுது, இல்லை வேண்டாம் என்று எழுது. நடுவில் தொங்க என்னால் ஆகாது.

அம்மா


ஜூன் 9

அம்மா,

பாப்பா நன்றாக இருக்கிறாள். குப்புற விழப் பழகிவிட்டாள், நிமிரத் தெரியவில்லை.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பயந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். மணி அடித்தேன், கதவைத் தட்டினேன், உள்ளங்கை சிவக்கச் சிவக்க அடித்தேன். உள்ளே என் பிள்ளை, உள்ளே நீ. நீ விழுந்து கிடக்கிறாயா? அடுப்பு எரிகிறதா? பாப்பா தண்ணீர் வாளியில் கிடக்கிறாளா? அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்கள் இருவரையும் நான் எத்தனை விதமாகச் சாகடித்தேன் என்று உனக்குத் தெரியாது. கதவு திறந்தால் நீ பாட்டுக்கு உட்கார்ந்து பால் புகட்டிக்கொண்டிருக்கிறாய்!

நாடாவை ஏன் வெட்டினேன் என்று உனக்குப் புரியவில்லையா? நான்தானே அம்மா அந்த நாடாவின் மறு முனை. நான் நடக்கத் தொடங்கின பிறகும் என் இடுப்பில் கட்டி உன் இடுப்போடு முடிந்துகொண்டுதானே கடைக்குப் போவாய். பள்ளிக்கூடத்தில் எனக்கு வாலு என்று பேர் வைத்தார்கள். "அம்மாவோட வாலு வந்துடுச்சு, மிதிச்சுடாதீங்கடா!" நீ கூட இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறாய், செல்லம் என்று நினைத்துக்கொண்டு.

வாலாக இருந்தது போதாது என்று உன் காதாகவும் நான்தான் இருந்தேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது டாக்டர் உன்னிடம் பேசிப் பார்த்துவிட்டு, என் உயரத்துக்குக் குனிந்து, "நீ அம்மாகிட்ட சொல்லும்மா" என்றார். எனக்கு ஏழு வயது. அந்த ஆஸ்பத்திரி நடைவழியில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, "அப்பா பொழைக்க மாட்டாராம்" என்று நான் கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ என்ன சொன்னாய், நினைவு இருக்கிறதா? "ஏன்டி கத்துற?"

என் பிள்ளை யாருக்கும் காதாக வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. காது டாக்டரிடம் போ, சோதனை செய்துகொள், மிஷின் மாட்டிக்கொள். மாட்டிக்கொண்டு வா, நானே ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறேன். அதுவரை கீழ்வீட்டு அக்கா பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவருக்கு எறும்பு நகர்ந்தால்கூடக் கேட்கும்.

மகள்


ஜூன் 14

மகளுக்கு,

எறும்பு நகர்வது கேட்கிறதா! அப்படியானால் அந்த அக்காவுக்கு வேலை வெட்டி இல்லை என்று அர்த்தம்.

மிஷினைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. இரண்டு வருஷம் முன்னால் ஆஸ்பத்திரியிலேயே எங்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்து, அளந்தும் பார்க்காமல், எனக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு இஸ்திரி அறைக்குள் போனேன். வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த கதைதான். அந்த யானை என் தலைக்குள் புகுந்தது. கழற்றி டப்பாவில் போட்டவள் திரும்ப எடுக்கவில்லை.

எங்கள் அறையில் அந்த இஸ்திரி உருளைகள் ஓடுகிற வரைக்கும் எல்லோரும் செவிடுதான், தெரியுமா? இரண்டு விரல் தூக்கினால் விரிப்பு சிக்கிக்கொண்டது, முஷ்டி மடக்கினால் நிறுத்து, தலையைத் தொட்டால் மேனேஜர் வருகிறார். புதிதாக வருகிறவர்கள் தொண்டை வறளக் கத்திவிட்டு என்னிடம்தான் வந்து கற்றுக்கொள்வார்கள். மிஷின் நின்றால்தான் எனக்கு மட்டும் செவிடு என்று பேர்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். ஊதுகிறவன் கன்னம் உப்புவதை வைத்தே அவன் எப்போது நிறுத்துவான் என்று சொல்லிவிடுவேன் நான். ஆனால் மனிதர்கள் படுத்துகிற பாடு கொஞ்சமா! ஒருத்தன் மீசைக்குள்ளே பேசுகிறான். இன்னொருத்தி வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறாள். கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றால் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பிளந்து கத்துகிறார்கள். வாய் கோணிப் போனபின் நான் எதைப் படிப்பது? மூன்றாவது தடவை கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார்கள். இந்த "ஒண்ணுமில்ல" இருக்கிறதே, அதைப் போல ஒரு அடி கிடையாது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற சொல் அது. நீயும் நிறையத் தடவை சாத்தியிருக்கிறாய்.

உன் அப்பா விஷயம் எழுதிவிட்டாய், நானும் எழுதிவிடுகிறேன். டாக்டர் உன்னிடம் குனிந்தபோதே அவர் வாயில் நான் அதைப் பார்த்துவிட்டேன். அந்தச் சொல் உன் வாயில் வர வேண்டாம் என்று உன் வாயைப் பொத்தத்தான் ஓடி வந்தேன். அதற்குள் நீ கத்திவிட்டாய். அதனால்தான் கேட்டேன், ஏன்டி கத்துற என்று.

இனி நான் ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் படி.

உன் வீட்டில் இருந்த நாட்களில் என் கண் சும்மா இருக்கவில்லை. போன் வந்தால் இடது கையால் எடுக்கிறாய், உடனே வலது காதுக்கு மாற்றுகிறாய். மாப்பிள்ளை இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் தலையை ஆட்டுகிறாய், பதில் சொல்வதில்லை. ஒரு நாள் கூரியர்காரன் மணி அடித்துவிட்டு, ஆள் இல்லை என்று சீட்டு வைத்துப் போய்விட்டான். "வீட்ல இருந்து என்னம்மா பிரயோஜனம்" என்று என்னைத் திட்டினாய். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அப்போது நீயும் வீட்டில்தான் இருந்தாய், கதவுக்கு அந்தண்டைச் சுவரோரம் துணி மடித்துக்கொண்டு.

உன் காது எப்படி இருக்கிறது?

அம்மா


ஜூன் 18

அம்மா,

என் காதுக்கு ஒன்றும் இல்லை.

ஆறு மாதமாக ஒழுங்காகத் தூங்காத ஒருத்திக்கு மணி சத்தம் கேட்காமல் போவது அதிசயமா? நீ டாக்டரிடம் போக மாட்டாய், என்னை மட்டும் அனுப்புவாய். ஊரில் இருக்கிற எல்லாருக்கும் உன்னைப்போல ஆக வேண்டும் என்று ஆசையா உனக்கு?

பல் ஆஸ்பத்திரியில் நான் உட்காருவது வரவேற்பு மேஜையில். நாள் முழுக்கப் போன் எடுப்பது, பேர் கேட்பது, கூப்பிடுவது, இதுதான் என் வேலை. என் காதைப் பற்றி நீ கிளப்பிவிடுகிற பேச்சு அவர்கள் வாசல் வரைக்கும் போனால் என் கதி என்ன என்று யோசித்தாயா?

கீழ்வீட்டு அக்காவிடம் பேசி முடித்துவிட்டேன். இருபதாம் தேதியிலிருந்து பாப்பா அங்கே. நீ கேட்டாய் அல்லவா, வா அல்லது வேண்டாம் என்று. வேண்டாம்.

கொஞ்ச நாளைக்கு எழுதவும் வேண்டாம்.


ஜூன் 25

மகளுக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எனக்குத்தான் சொன்னது காதில் ஏறாதே.

பாப்பாவை நான் பார்த்துக்கொள்வதைப் பற்றி இதில் ஒரு வரிகூடக் கிடையாது. பயப்படாமல் படி.

எனக்கு ஆரம்பித்தது எப்படி என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உனக்கு ஐந்தோ ஆறோ மாதம் இருக்கும். இடது காதுக்குள் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு இரைச்சல். அடுப்பை எத்தனையோ தடவை போய்ப் பார்த்திருக்கிறேன், அணைந்துதான் இருக்கும். அப்புறம் எல்லோரும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். என் காது மட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரே மரியாதை கெட்டுப் போய் வாய்க்குள் பேசுகிறது என்றுதான் நினைத்தேன்.

அப்போது நான் துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தேன். யாராவது பின்னால் நின்று கூப்பிடுவார்கள், நான் திரும்ப மாட்டேன். "என்னம்மா, மகாராணியக் கூப்பிட்டா திரும்ப மாட்டாங்களோ?" முதலாளியிடம் புகார் போனது. அவர் கூப்பிட்டுக் கேட்டார், "உனக்குக் காது கீது சரியில்லையா?" அன்றைக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னால் கிடங்கில் போட்டிருப்பார். நான் நிமிர்ந்து நின்று, "மரியாதையாக் கூப்பிட்டா திரும்புவேன்" என்றேன். அன்றோடு அந்த வேலை முடிந்தது.

செவிடி என்று சொன்னால் அய்யோ பாவம் என்பார்கள். சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். அய்யோ பாவத்தை விடத் திமிர் மேல் என்று நான் முடிவு செய்தேன். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அது சுலபமான வேலை என்று நினைக்காதே. எல்லோரும் சிரிக்கும்போது பார்த்துப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் இரண்டு மணி நேரம் இப்படிச் சிரித்துவிட்டு வந்தால், பத்துக் கட்டு விரிப்பு இஸ்திரி போட்ட அலுப்பு இருக்கும்.

உன் பெரியத்தை உன்னிடம் ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பாள், "நீ பொறந்த, உங்கம்மா காது போச்சு" என்று. நீ என்னிடம் வந்து கேட்டதே இல்லை. ஆனால் நான் சத்தமாகப் பேசச் சொல்லும்போதெல்லாம் உன் முகம் சுருங்கும். பிள்ளை பிறப்பதால் காது போவதாக இருந்தால் உலகத்தில் பாதிப் பேர் சைகையில்தான் பேச வேண்டும். பிறந்த பிள்ளைமேல் பழி போடுகிற புத்தி நமக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

உன் காதுக்கு ஒன்றும் இல்லை என்றாய். சரி, நம்பினேன். தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டால் அடுப்பைப் போய்ப் பார்க்காதே.

அம்மா


ஜூலை 7

அம்மா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் பத்து நாளாக வைத்திருந்தேன். முதல் தடவை படித்தபோது அந்தக் கொதிக்கிற தண்ணீரோடு நிறுத்திவிட்டேன். எனக்கு அது தையல் மிஷின் மாதிரி கேட்கிறது. பாப்பா பிறந்த மறு மாதத்திலிருந்து.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாப்பாவுக்குப் பால் கொடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன், வலது காது தலையணையில் புதைந்திருந்தது. அவர் ஷிப்ட் முடிந்து வருகிறபோது மாடிப்படி முதல் வளைவிலேயே பாப்பா அழுகை கேட்டதாம். ஓடி வந்திருக்கிறார். பாப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து, ஒரு கால் சிக்கி, குரல் கம்மிப் போகிற வரைக்கும் அழுதிருக்கிறாள். என் முதுகுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி. நான் தூங்கிக்கொண்டிருந்தேன் அம்மா.

அவர் என்னை உலுக்கி எழுப்பியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் கதவு திறந்ததும் நீ பார்த்த என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. பாப்பாவின் காலைத் தடவிக்கொண்டே, "உங்கம்மாவ அன்னைக்கு என்னா பேச்சு பேசின. இப்ப உன்னை நான் என்ன சொல்ல?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

டாக்டரிடம் போனோம். காதுக்குள்ளே இருக்கிற சின்ன எலும்பு ஒன்று இறுகிக்கொண்டு வருகிறதாம். இடது பக்கம் நிறைய, வலது பக்கம் இப்போதுதான் தொடக்கம். குடும்பத்தில் வழிவழியாக வருவது, சில பெண்களுக்குப் பிரசவத்தோடு வேகமாகும் என்றார். பிள்ளையால் வந்ததா என்று கேட்டேன். "அது உங்களோடவே பொறந்ததும்மா, எப்பவும் வந்திருக்கும்" என்றார். ஆபரேஷன் செய்யலாமா, மிஷினே போதுமா என்று முடிவெடுக்க, உன் காது எப்படி, எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து தந்தால் உதவும் என்கிறார். நீ இங்கே வர வேண்டியதில்லை. உங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்து அனுப்பினால் போதும்.

உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்குள் இன்னொன்று. உன் மாப்பிள்ளை தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். காதைப் பற்றி இல்லை, எனக்கு உடம்பு முடியவில்லை என்று. பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறார். பாப்பாவைத் தன் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய், என் உடம்பு தேறும் வரை வைத்துக்கொள்வாராம். எப்போது தேறும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் இது தேறுகிற உடம்பு இல்லை என்று. பிள்ளை போனால் போனதுதான்.

நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு சொல்வேன்? உன்னிடமிருந்து பிடுங்கினவள் நான். இப்போது என்னிடமிருந்து பிடுங்கினால் என்ன நியாயம் பேசுவேன்? நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு அம்மா. நீ பக்கத்தில் நின்றால் எனக்குப் பேச்சு வரும்.

மகள்


ஜூலை 11

என் மகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலவைக்கூடத்துக்கு இல்லை, முன்வாசல் வழியாக, நோயாளியாக.

ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு அடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்துகொள்கிறாள். காதில் பெரிய கிண்ணம் மாதிரி இரண்டை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் வரும்போதெல்லாம் அழுத்த வேண்டுமாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கையைப் பார்த்தேன். அவள் பெட்டியைத் தொட்டதும் அழுத்தினேன். தொட்டாள், அழுத்தினேன். தொட்டாள், அழுத்தினேன். ஒன்றுகூட விடவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது, மேஸ்திரி என்றால் சும்மாவா!

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து உள்ளே வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, நீங்க கண்ணால பாஸ் பண்றீங்க" என்றாள். என் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

சுவரில் ஒன்றும் இல்லை. வெள்ளைப் பஞ்சு, நடுவில் ஒரு தையல். உதடு இல்லை, கை இல்லை, கண்ணாடி இல்லை. என் வாழ்க்கையில் நான் எப்போதும் எதையாவது பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பார்க்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தால் அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். சத்தம் வருகிறதா என்று காத்திருந்தேன். ஒன்றிரண்டு தடவை, எங்கேயோ தூரத்தில் லாரி போகிற மாதிரி ஒன்று வந்தது, அழுத்தினேன். மற்றபடி ஒன்றும் இல்லை. அவள் என்னை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். தோளைத் தொட்டு, "முடிஞ்சுதும்மா" என்றபோதுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் அவள் சத்தம் அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

என் காது இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. கண்ணை வைத்து என்னையே நான் ஏமாற்றி வந்திருக்கிறேன். அந்தப் பெண் கேட்டாள், "எவ்வளவு நாளாம்மா காது கேக்கல?" நான் வாய் திறந்து சொன்னேன், "என் மக பிறந்த வருஷத்திலேருந்து எனக்குக் காது கேக்கல." அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. சொன்னால் ஏதோ ஆகிவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டாள்.

அளந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன், உன் டாக்டரிடம் காட்டு. எனக்கும் ஒழுங்காக அளந்து ஒரு மிஷின் செய்கிறார்கள். யானை மறுபடியும் வரும். பழகினால் போகும் என்று அந்தப் பெண் சத்தியம் செய்கிறாள், பார்ப்போம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் வர மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. நான் வந்து நின்றால் சம்பந்தி அம்மா என்னைத்தான் பார்ப்பார். "அவங்கம்மாதான் செவிடு" என்று எல்லாப் பேச்சும் என் பக்கம் திரும்பும். நீ எனக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். அப்புறம் காலமெல்லாம் ஒளிந்துகொண்டே இருப்பாய், என்னை மாதிரி. உடம்பு முடியவில்லை என்று சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது நியாயம்தானே? உடம்பு நன்றாக இருக்கிறது, காது மட்டும்தான் மட்டம் என்று சொல். உன் வாயால், முதலில் நீ சொல். மாப்பிள்ளையும் மறைத்திருக்கிறார், அவர் எதிரிலேயே சொல்.

அழாமல் சொல். அழுதால் வாய் கோணிப்போகும், ஒருத்தருக்கும் புரியாது.

சொல்லி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் நீ என் மகள்தான்.

அம்மா


ஜூலை 16

அம்மா,

பாப்பா இங்கேதான் இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. நீ வர மாட்டாய் என்று படித்ததும் உன்னைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அப்புறம் அந்தச் சுவரைப் பற்றி எழுதியிருந்ததை இன்னொரு தடவை படித்தேன்.

அத்தை நேற்றுக் காலை வந்தார். பாப்பா துணிக்கென்று காலிப் பை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். உட்காரவே இல்லை, பீரோவைத் திறந்து சின்னச் சட்டைகளை எடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் போய் அவர் எதிரில் நின்றேன். "அத்தை, அதை வைங்க. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இடது காது கேக்கல. வலதும் கொறஞ்சுக்கிட்டு வருது. பாப்பாவ நான் அனுப்பல" என்றேன். அழவில்லை, வாய் கோணவில்லை.

அவர் கையில் சட்டையோடு என் கணவரைப் பார்த்தார். அப்புறம் ஆரம்பித்தார் பார். "அப்போ உங்கம்மாவுக்கும் இதானா? கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னீங்களா? இப்படியா ஏமாத்துவீங்க?"

"பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு எங்கம்மாகூட ரெண்டு மணி நேரம் பேசினீங்களே அத்தை, உங்களுக்கே தெரியலையே?"

"எங்க பேசினாங்க? நான்தானே பேசினேன்! நல்ல பொறுமைசாலின்னு ஊரெல்லாம் சொன்னேனே!"

அவருக்கே அது எப்படி இருந்ததோ தெரியவில்லை, நிறுத்திவிட்டார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கவா வேறு எதற்காவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் அந்தப் பையை மடித்து மேலே வைத்தார். "பாப்பா இங்கயே இருக்கட்டும்மா. ராத்திரி அழுதா நான் எழுந்துக்கறேன். பகல்ல கீழ்வீட்டு அக்காவே பார்த்துக்கறதா, வேற யாரான்னு இவ சொல்லட்டும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கம்மா என்றேன்.

அதற்கு வந்தது பார் ஒரு பேச்சு! "ரெண்டு பேர் காதையும் சேர்த்தா ஒரு காது தேறுமாடி?" என்றார். நானும் விடவில்லை. கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார். அவர் ஊருக்குப் போகவில்லை. நீ வருகிற வரைக்கும் இங்கேதான் இருப்பாராம். வந்தபிறகு ஒரு வாரம் நீ பாப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பாராம். திருப்தி இல்லை என்றால் மறுபடியும் பேச்சு உண்டு. உனக்கு இது அவமானம் என்று தெரியும். நான் மறுத்துப் பேசவில்லை. நீ தேறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அவர்தான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாமல் தவிப்பார்.

வேலை செய்கிற இடத்தில் இன்று காலை டாக்டரம்மாவிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மாலை வரை ஒன்றும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

வேலை முடிந்து போய்க் காட்டினேன், உன் படத்தைப் பார்த்த காது டாக்டர் எனக்கு ஆபரேஷனுக்கு அவசரம் இல்லை, முதலில் மிஷின் மாட்டிப் பார்க்கலாம் என்கிறார். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் யானை வளர்க்கப் போகிறோம்.

சனிக்கிழமை வண்டியில் வா, நான் நிலையத்தில் நிற்கிறேன். பாப்பாவுக்குக் கீழே ஒரு பல் முளைத்துவிட்டது. கிடைத்ததை எல்லாம் கடிக்கிறாள். இன்று அத்தையின் சுண்டுவிரலைப் பிடித்து ஒரு கடி கடித்தாள். அவர் போட்ட சத்தம் அடுத்த அறையிலிருந்த எனக்கே கேட்டது. இடது காதில்.

உன் மகள்